பேரூராட்சியிடம் வீடு கேட்காதீர்கள், மனை கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். இருபதாயிரம் பேர் வாழும் ஒரு பேரூராட்சி. பைபாஸ் வந்த பிறகு மனை விலை எங்கேயோ போய்விட்டது, ஒற்றை அறை லைன் வீட்டுக்கே வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள், புதிதாகக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக நினைக்கிறவர்கள் எங்கே போவார்கள்? கவுன்சிலரைக் கேட்டால் "அது வாரியத்து வேலை, எங்களிடம் ஃபண்ட் இல்லை" என்கிறார். பேரூராட்சியால் இதில் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

கவுன்சிலர் சொல்வது பாதி சரி. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று 12-வது அட்டவணையில் 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. அதில் நகரத் திட்டமிடல் இருக்கிறது, நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது இருக்கிறது, குடிசைப் பகுதி மேம்பாடு இருக்கிறது, வறுமை ஒழிப்பு இருக்கிறது. வீட்டு வசதி என்று தனியாக ஒரு வரி கிடையாது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கான 11-வது அட்டவணையில் மட்டும் ஊரக வீட்டு வசதி என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நகரத்து ஏழைகளுக்கு வீடு கட்டுவது 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் வேலையாக இருந்தது. 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். ஆக, செங்கல் அடுக்கி வீடு கட்டித் தருவது பேரூராட்சியின் வேலை இல்லை, அதற்கான பணமும் அதனிடம் இல்லை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பஸ் ஸ்டாண்டு கடை வாடகை, மாநில நிதிக்குழு மானியம் என்று வருகிற பணம் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் குப்பை அள்ளுவதற்கும் போகவே சரியாக இருக்கும்.

ஆனால் மீதிப் பாதியை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார், அல்லது அவருக்கும் யாரும் சொல்லவில்லை. சின்ன ஊரில் ஏழைக்கு வீடு அமையாததற்கு முதல் காரணம் மானியம் இல்லாதது என்று எல்லோரும் நினைக்கிறோம். மானியம் இருக்கிறது, போதாது என்றாலும் இருக்கிறது. அதை வாங்கத் தகுதியான ஒரு துண்டு நிலம், அவர் பெயரில், வழியோடும் தண்ணீரோடும் இல்லை. அதுதான் சிக்கல். அந்த நிலம், வழி, தண்ணீர் மூன்றிலும் பேரூராட்சிக்குக் கை இருக்கிறது.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்தது. அதில் சொந்த இடத்தில் தானே கட்டிக்கொள்கிறவருக்கான பிரிவுதான் சின்ன ஊர்களுக்குப் பொருந்துகிற பிரிவு. முதல் கட்டத்தில் மத்திய அரசு 1.5 லட்சம், தமிழ்நாடு அரசு 60,000, ஆக 2.10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் மாநிலம் குறைந்தது 1 லட்சம் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, அப்படியானால் 2.5 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் வேறெங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது, வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களுக்கு ஒத்துப்போகும். இடறுகிற இடம் பட்டாதான்.

ஒரு வார்டில் நூறு குடிசை அல்லது ஓட்டு வீடு இருந்தால் அவற்றை வகை பிரித்துப் பாருங்கள். சிலருக்கு அப்பா பெயரில் பட்டா இருக்கும், அப்பா இறந்திருப்பார், அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் பாகம் பிரியாமல் கிடக்கும். சிலர் நத்தத்தில், அதாவது ஊருக்குள் குடியிருப்புக்கென்று குறித்த நிலத்தில், மூன்று தலைமுறையாக இருப்பார்கள், நத்தம் பட்டா வேறு யார் பெயரிலோ ஏறியிருக்கும். சிலர் புறம்போக்கில் இருப்பார்கள். சிலர் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனையைத் தவணை கட்டி வாங்கியிருப்பார்கள், அது அங்கீகாரம் இல்லாத மனை. மிச்சம் உள்ளவர்கள் வாடகைக்காரர்கள். இந்த ஐந்து வகைக்கும் வழி வேறு வேறு. மனு எழுதும்போது எல்லோரையும் ஒன்றாகக் கட்டி "வீடற்றோர் 100 பேர்" என்று எழுதிக் கொடுப்பதால்தான் அது கலெக்டர் ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் இடையில் அலைந்து செத்துப்போகிறது.

முதல் வகைக்குக் காசு அதிகம் தேவையில்லை. வாரிசுச் சான்றிதழ், பாகப்பிரிவினைப் பத்திரம், உட்பிரிவு, பட்டா மாறுதல் என்று நாலு படி. குடும்பத்துக்குள் செய்யும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆனால் தினக்கூலிக்காரர் ஒருவர் இந்த நாலு படிக்கும் எத்தனை நாள் கூலியை விட்டு அலைய வேண்டும் என்று பாருங்கள், அதனாலேயே பத்து வருடம் தள்ளிப்போடுகிறார்கள். பேரூராட்சித் தலைவர் தாசில்தாரிடம் பேசி, விஏஓ, சர்வேயர், ஒரு பத்திர எழுத்தர் ஆகியோரை வார்டு வாரியாக ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியும். கல்யாண மண்டபமும் மைக்கும் டீயும்தான் செலவு. நான் பார்த்தவரை சின்ன ஊரில் வீட்டு வசதிக்காகச் செய்யக்கூடியவற்றில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை, ஆனால் திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லாத வேலை என்பதால் யாருக்கும் இதில் ஆர்வம் வருவதில்லை.

புறம்போக்கு விஷயத்தில் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. வருவாய்த்துறை இதை ஆட்சேபகரமானது, ஆட்சேபமற்றது என்று பிரிக்கிறது. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்களுக்குப் பட்டா வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் திரும்பத் திரும்ப இதில் உறுதியாக இருக்கின்றன. அந்தக் குடும்பங்களுக்கு மாற்று இடம்தான் வழி, அதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. தேர்தலுக்குத் தேர்தல் ஆசை காட்டி விட்டு ஒரு நாள் பொக்லைனோடு வந்து நிற்பதைவிட மரியாதையானது. ஆட்சேபமற்ற புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு வகைப்பாட்டை மாற்றிப் பட்டா கொடுக்க வழி இருக்கிறது. அந்த வகைப்பாடு மாற்றத்துக்கு உள்ளாட்சியின் தீர்மானம் கேட்பார்கள். மன்றம் தீர்மானம் போடாமல் இழுத்தடித்தால் தாசில்தார் நினைத்தாலும் கோப்பு நகராது. பேரூராட்சியின் உண்மையான அதிகாரம் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒடிசாவைப் பார்த்தால் இது எவ்வளவு தூரம் போக முடியும் என்று புரியும். 2017-ல் அங்கே குடிசைவாசிகளுக்கு நில உரிமை கொடுக்க ஒரு சட்டம் போட்டார்கள், முதலில் அதைக் கொண்டுபோனது பெரிய மாநகராட்சிகளுக்கு இல்லை, சின்ன நகராட்சிகளுக்கு. ட்ரோன் வைத்துப் படம் எடுத்து, அந்தந்தக் குடியிருப்பு மக்களையே கூட வைத்துக்கொண்டு வீடு வீடாக அளந்து, உரிமைச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாரிசுக்கு விடலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம், விற்க முடியாது. அந்தச் சான்றிதழைக் காட்டி வீட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஜாகா மிஷன் என்று பெயர், 2019-ல் உலக வாழ்விட விருது வாங்கியது. அங்கே நிலத்துக்குச் செய்த வேலை பெரிது, வீட்டுக்குச் செய்தது அதன் பின்னால் தானாக வந்தது.

அங்கீகாரமில்லாத மனைக்காரர்கள் கதை தனி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்ட பிறகு, 2017-ல் வரன்முறை விதிகள், அதாவது அவற்றைப் பிற்பாடு சட்டப்படி ஒழுங்குபடுத்தும் விதிகள், வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். வசதியானவர்கள் கட்டணம் கட்டி முடித்துக்கொண்டார்கள். ஒன்றரை சென்ட் வாங்கிப் போட்டிருக்கிற ஏழைதான் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கட்டட அனுமதி கிடைக்காது, அனுமதி இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்காது. 2024-லிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி வாங்கும் வசதி வந்திருக்கிறது, நல்ல விஷயம், ஆனால் மனையே வரன்முறை ஆகாதவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? பேரூராட்சி செய்யக்கூடியது, ஊரில் எந்தெந்த நகர் வரன்முறை ஆகவில்லை என்று கணக்கெடுத்து, தனித்தனி ஆளாக அலைய விடாமல் மனைப்பிரிவு வாரியாக விண்ணப்பங்களைச் சேர்த்து அனுப்புவது.

இப்போது நிலமே இல்லாதவர்களுக்கு வருவோம். சொல்ல நிறைய இருக்கிறது, தவறு நடப்பதும் இங்கேதான் அதிகம்.

வழக்கமாக என்ன நடக்கிறது? ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் வேண்டாத ஒரு தரிசில் இலவச வீட்டுமனைப் பட்டா கொடுப்பார்கள். அமைச்சர் வந்து பட்டா கொடுக்கும் போட்டோ எல்லோர் வீட்டிலும் இருக்கும். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அளந்து நட்ட கல்லைக் காணோம், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். மக்கள் சோம்பேறிகளா? காலை ஐந்து மணிக்குப் பூ மார்க்கெட்டில் நிற்க வேண்டிய பெண், பஸ் இல்லாத இடத்திலிருந்து எப்படி வருவார்? தண்ணீர் லாரி வராத இடத்தில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மனை கொடுத்த அன்றே சாலையும் குழாயும் மின் கம்பமும் போட்டிருந்தால் பாதிப் பேராவது குடிவந்திருப்பார்கள். சாலையும் குழாயும் தெருவிளக்கும் முழுக்க முழுக்கப் பேரூராட்சியின் வேலை, அதற்கு நிதிக்குழு மானியத்தையும் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்ட நிதியையும் பயன்படுத்தலாம். பட்டா கொடுப்பது ஒரு துறை, குழாய் போடுவது இன்னொரு துறை, இரண்டும் பேசிக்கொள்வதில்லை என்பதைத்தான் மன்றத்தில் கிளப்ப வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் இல்லாமலும் இல்லை. 1977-ல் உலக வங்கிக் கடனில் சென்னையில் மனையும் அடிப்படை வசதிகளும் சேர்த்துக் கொடுக்கும் ஒரு திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பக்கம் ஏழைகளுக்குச் சிறு மனைகள், தெரு, தண்ணீர், வடிகால், சில மனைகளில் ஒரு கழிப்பறையும் அடித்தளமும் மட்டும் போட்டுக் கொடுத்தார்கள், மேலே வீட்டை அவரவர் வசதிப்படி கட்டிக்கொண்டார்கள். அதே மனைப்பிரிவில் பெரிய மனைகளையும் கடைகளுக்கான இடங்களையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் ஏழை மனையின் விலையைக் குறைத்தார்கள். இன்று அந்தப் பகுதிகளில் போய்ப் பாருங்கள், மாடி மேல் மாடி எழும்பி, கீழே கடையும் மேலே வாடகை வீடுமாக நிற்கின்றன. பல வீடுகள் கைமாறிவிட்டன என்பது உண்மைதான், அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது தோல்வி இல்லை, ஊரோடு சேர்ந்து வளர்ந்த குடியிருப்பு அது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரைவிட்டுத் தள்ளி ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் குடியேற்றியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

சின்ன ஊருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஊரை ஒட்டி 2 ஏக்கர் அரசு நிலம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 200 சென்ட். தெரு, வடிகால், பொது இடம் எல்லாம் போக 120 சென்ட் மிஞ்சும். அதில் மெயின் ரோட்டை ஒட்டிய 30 சென்ட்டைக் கடைகளாகக் கட்டி ஏலத்துக்கு விட்டால் வாடகை காலத்துக்கும் பேரூராட்சிக்கு வரும், அதை வைத்து அந்தக் குடியிருப்பின் தெருவையும் தண்ணீரையும் பராமரிக்கலாம். மீதி 90 சென்ட்டில் ஆளுக்கு ஒரு சென்ட் வீதம் 90 குடும்பம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, நெருக்கடிதான், ஆனால் கீழே ஒரு ஹால், சமையலறை, கழிப்பறை, பிற்பாடு மேலே ஒரு அறை என்று ஏற்றிக்கொள்ள இடமுண்டு. 90 குடும்பத்துக்கு அடுக்குமாடி கட்டலாமே என்பார்கள். மனை விலை ஆகாயத்தில் இருக்கிற மாநகரத்துக்கு அது சரி. பேரூராட்சியில் நான்கு மாடி கட்டினால் மோட்டார் ரிப்பேர் ஆனதும் யார் காசு போடுவது என்ற சண்டையில் மூன்றாம் மாடிக்காரர் குடம் தூக்கிக்கொண்டிருப்பார். ஆடு மாடு வைத்திருப்பவர், தள்ளுவண்டி வைத்திருப்பவர் எங்கே கட்டுவார், எங்கே நிறுத்துவார்?

அந்த 2 ஏக்கரை எங்கே தேடுவது என்றால், தாலுகா ஆபீஸில் 'அ' பதிவேடு இருக்கிறது, ஊரில் எந்த சர்வே எண் எந்த வகைப்பாடு என்று அதில் இருக்கும். புலப்படத்தோடு (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அதை ஒப்பிட்டு, ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்தாலே எந்த அரசு நிலம் சும்மா கிடக்கிறது, எது யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் (தெரியக் கூடாது என்று நினைப்பவர்களும் மன்றத்தில் இருப்பார்கள், அது வேறு விஷயம்). ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மனைப்பிரிவுகளில் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பூங்கா இடத்தில் கை வைக்காதீர்கள். காலியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும், ஆனால் இப்படிப் பொது உபயோகத்துக்கென்று ஒதுக்கிய ஓஎஸ்ஆர் இடத்தில் வீடு கட்டினால் யாராவது ஒருவர் கோர்ட்டுக்குப் போவார், தடை வரும், ஐந்து வருடம் போகும்.

இதோடு புதிதாக வருகிற மனைப்பிரிவுகளையும் பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் அதில் 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அந்த மனைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒரே ஆளுக்கு விற்கக் கூடாது. காகிதத்தில் ஒதுக்குவார்கள். அப்புறம் யார் பெயரில் பத்திரம் ஆனது என்று எந்தப் பேரூராட்சி போய்ப் பார்த்திருக்கிறது? மன்றத்தில் ஒரு கவுன்சிலர் இந்தக் கேள்வியை எழுப்பினாலே அடுத்த மனைப்பிரிவுக்காரர் கொஞ்சம் யோசிப்பார்.

மானியம் வந்த பிறகும் வீடு பாதியில் நிற்பது இன்னொரு பெரிய பிரச்சினை. இன்றைய விலைக்குச் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து எந்தக் கொத்தனாரும் வேலைக்கு வர மாட்டார். 325 சதுர அடி வீட்டுக்கே ஆறரை லட்சம் ஆகிறது, மானியம் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் முதலில் நீங்கள் கைக்காசைப் போட்டு அடித்தளம் எழுப்பி, போட்டோ எடுத்து ஜியோ டேக் (இடக் குறியீடு) செய்து, ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) பார்த்த பிறகு முதல் தவணை. லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, கான்கிரீட்டுக்கு ஒன்று. நடுவில் இரண்டு மாதம் பில் தாமதமானால் மனிதர் கந்துவட்டிக்குப் போகிறார், வீட்டு மானியம் வட்டிக்காரருக்குப் போகிறது. கேரளத்தில் லைஃப் மிஷன் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள், ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்து உள்ளாட்சிகளும் பணம் போட்டன. அதில் எனக்குப் பிடித்தது வரிசை: முதல் கட்டமாகப் பழைய திட்டங்களில் பாதியில் நின்ற வீடுகளை முடித்தார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேல். அடுத்து நிலம் உள்ளவர்கள், அதன் பிறகு நிலமற்றவர்கள். உங்கள் ஊரிலும் ரூஃப் போடாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகளை எண்ணிப் பாருங்கள். மகளிர் குழுக் கடனைத் தவணைக்கு முன்பணமாகப் பிடித்துக் கொடுப்பதும், ஜேஇ வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாள் எல்லா வீட்டையும் பார்த்துவிடுவார் என்று கட்டாயமாக்குவதும் செயல் அலுவலர் மனது வைத்தால் நடக்கிற காரியம்.

ஒரு நியாயமற்ற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எல்லையோர வார்டுக்காரர்கள் கேட்பார்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள், ஆனால் அது ஊரகப் பகுதிக்கு மட்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் கிராமப் பஞ்சாயத்து, இந்தப் பக்கம் பேரூராட்சி என்றால் ஒரே மாதிரி இரண்டு குடிசைக்கு இரண்டு தொகை. பஞ்சாயத்தை நகரத்தோடு இணைக்கிறோம் என்றதும் மக்கள் ரோட்டுக்கு வந்து மறிப்பதற்கு நூறு நாள் வேலை போய்விடும் என்பதோடு இதுவும் சேர்கிறது. இதை மாநில அரசுதான் சரிசெய்ய வேண்டும், தலைவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் தவறில்லை.

வாடகைக்காரர்களைப் பற்றிப் பேரூராட்சி செய்யக்கூடியது குறைவு. சிறு மனையில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுகிறவரைக் கட்டட அனுமதிக்கும் கட்டணத்துக்கும் இழுத்தடிக்காமல் இருந்தாலே வாடகை வீடுகள் பெருகும். வெளியூர்த் தொழிலாளிகள் அதிகம் வருகிற ஊராக இருந்தால் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகை வீட்டுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, மாவட்ட அளவில் கேட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், 2022-லிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபை என்ற ஏற்பாடு வந்திருக்கிறது, அதில் போய் "வீடு கொடு" என்று கேட்காதீர்கள். உங்கள் வார்டின் குடும்பங்களை மேலே சொன்னபடி வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், பெயர், சர்வே எண், பட்டா யார் பெயரில் என்ற மூன்றும் இருந்தால் போதும். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு விவரம் கேட்டு வாங்கி வையுங்கள்: பேரூராட்சி எல்லைக்குள் உள்ள அரசுப் புறம்போக்கு நிலங்களின் பட்டியல், வீட்டுத் திட்டப் பயனாளிகளில் யார் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்ற பட்டியல். முதலில் பாகம் பிரியாத குடும்பங்களுக்கான முகாமைக் கேளுங்கள், அதை மறுக்க எவருக்கும் காரணம் கிடைக்காது. அடுத்தது ஆட்சேபமற்ற புறம்போக்குக்கான தீர்மானம், அதை சர்வே எண்ணோடு போடச் சொல்லுங்கள். போட்டதும் தீர்மான எண்ணையும் தேதியையும் நகலோடு வாங்கிக்கொள்ளுங்கள், தாலுகா ஆபீஸில் முதலில் கேட்பது அதைத்தான்.